அத்தியாயம் 4: அட்டனிலிருந்து பின்னோக்கி ஒரு விமானச் சீட்டு

இலங்கையின் மலைநாட்டில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சின்ன நீர்விமானம் வந்து இறங்குவதுண்டு. அது தேனிலவுக்கு வருகிறவர்களின் பணப்பைக்கு. மற்ற எல்லோருக்கும் வாசல் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம்தான்.

டொரன்டோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ இருந்துகொண்டு அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் விடுமுறைக்கு வர நினைப்பவர்களுக்காக இந்த அத்தியாயம். தோட்டத்தில் பிறந்து வெளியே போனவராக இருக்கலாம், தேயிலை மலையைப் படத்தில் மட்டும் பார்த்தவராகவும் இருக்கலாம். தமிழ்நாட்டின் கோத்தகிரி, கூடலூர்ச் சொந்தங்களுக்கும் ஒரு பகுதி உண்டு.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கணினித் திரையில் தெரியும் விலை கட்டுநாயக்க வரைக்குமான விலை. உங்கள் பயணம் முடிவது அட்டன் பஸ் நிலையத்துக்கும் அப்பால், ஓட்டோ திணறி ஏறும் ஒரு தோட்டப் பாதையின் முடிவில். அந்த வாசலிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால்தான் எந்தச் சீட்டு மலிவு என்பது தெரியும்.

முதலில் மலைப் பாதை, பிறகு ஆகாயம்

கட்டுநாயக்கவிலிருந்து அட்டனுக்குச் சாலை வழியாகச் சுமார் 130 கிலோமீற்றர். தூரத்தைப் பார்த்து இரண்டு மணி நேரம் என்று நினைக்காதீர்கள். அவிசாவளை தாண்டி, கித்துல்கலையில் வளைவுகள் தொடங்கி, கினிகத்தேனையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் வான் நடை வேகத்தில்தான் போகும். நான்கு முதல் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியாவுக்கு மேலும் ஒன்றரை மணி நேரம்.

ஆகவே சீட்டுத் தேடுமுன் ஒரு தாளை எடுத்து இப்படி எழுதுங்கள்:

1. இருட்டுவதற்கு முன், அதாவது மாலை 5 மணிக்குள், வீட்டு வாசலில் இருக்க வேண்டும்.
2. மலையேற 5 மணி நேரம், தோட்டப் பாதைக்கு 1 மணி நேரம், சாப்பாட்டுக்கும் காலாற நிற்பதற்கும் 1 மணி நேரம். அப்படியானால் கட்டுநாயக்கவை விட்டுக் கிளம்ப வேண்டியது காலை 10 மணிக்கு.
3. குடிவரவு வரிசை, பெட்டி, பணமாற்று, சிம் அட்டை எல்லாவற்றுக்கும் 2 மணி நேரம். விமானம் காலை 8 மணிக்குள் தரையிறங்க வேண்டும்.
4. விடிகாலை 4 முதல் 8 வரை தரையிறங்கும் விமானங்களே உங்களுக்கானவை. இந்த நேரத்தை வட்டமிட்டுக்கொண்டு தேடத் தொடங்குங்கள்.

இரவு 9.30க்கு இறங்கும் சீட்டு, நாலு பேர் குடும்பத்துக்கு மொத்தமாக 120 டொலர் குறைவாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீர்கொழும்பில் இரவுக்கு இரண்டு அறை, போகவும் வரவும் வாடகைக் கார், இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு. அந்த 120 டொலர் விடிவதற்குள் கரைந்துவிடும். பதினான்கு நாள் விடுமுறையில் ஒரு நாளும் போய்விடும்.

*எச்சரிக்கை:* நள்ளிரவில் இறங்கி, அறைக்காசை மிச்சம் பிடிக்க அப்போதே மலையேறுவதுதான் ஆகப் பெரிய தவறு. ஒருமுறை நான் அப்படிச் செய்தேன். கித்துல்கலை வளைவில் சாரதியின் தலை ஸ்டியரிங்கை நோக்கிச் சாய்வதைப் பார்த்த பிறகு, அட்டன் வரை அவருக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தேன். 2025 மே 11 விடிகாலையில் ரம்பொடை கெரண்டிஎல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலைப் பாதையில் தூக்கக் கலக்கத்துக்கு மன்னிப்பில்லை.

எந்த மாதம்

வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையான ஜூலை, ஆகஸ்ட், அடுத்து டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை. இந்த இரண்டு காலத்திலும் சீட்டு விலை உச்சத்தில் நிற்கும். ஆகஸ்டில் யாழ்ப்பாணம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களும் நீங்கள் தேடும் அதே விமானங்களில்தான் ஏறுவார்கள். பிள்ளைகளின் பள்ளி உங்களைக் கட்டிப்போடவில்லையென்றால் பெப்ரவரி, மார்ச் மாதங்களைப் பாருங்கள். மலையில் வெயிலும் குளிரும் அளவாக இருக்கும்.

ஏப்ரல் வேறு கதை. முதலாம் திகதியே நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் தொடங்கிவிடும், 13, 14ஆம் திகதிப் புத்தாண்டோடு கூட்டம் உச்சத்துக்குப் போகும். கொழும்பே மலையேறி வந்து நிற்கும். விமானத்தில் மிச்சம் பிடித்ததை லொட்ஜ்காரர் எடுத்துக்கொள்வார்.

மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் அடித்துப் பெய்யும். மே, ஜூனில் சீட்டு மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மழையில் வளர்ந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டல்ல. தோட்டத்து லய வீட்டின் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்கவே வருகிறவர்களும் உண்டு. அட்டை கடிக்கும், அவ்வளவுதான். முதல்முறை வருகிறவர்களுக்கு இந்த மாதங்களை நான் சொல்ல மாட்டேன்.

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். வார இறுதியிலும் பௌர்ணமிப் போயா நாளிலும் அட்டன் நகரமே நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களால் அடைத்துப் போய்விடும். நீங்கள் வந்து இறங்கும் நாள் செவ்வாய், புதன், வியாழனாக இருக்கட்டும். நடுவாரத்தில் விமானச் சீட்டும் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

தேடும் முறை, படிப்படியாக

1. கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் இரண்டையும் திறவுங்கள். போகும் இடத்தில் கொழும்பின் குறியீடான சி.எம்.பி. என்று போடுங்கள். முதலில் மாத நாட்காட்டியில் விலையைப் பாருங்கள். நாள் பிறகு தானாக அமையும்.

2. வந்திறங்கும் நேரத்தை வடிகட்டுங்கள். நாம் வட்டமிட்ட 4 முதல் 8 மணி. பத்து விமானம் இருந்த இடத்தில் மூன்று மிஞ்சும். அந்த மூன்றுக்குள் மட்டும் விலையை ஒப்பிடுங்கள்.

3. புறப்படும் ஊரை மாற்றிப் பாருங்கள். டொரன்டோவுக்குப் பதில் மொன்றியல், லண்டன் ஹீத்ரோவுக்குப் பதில் கட்விக். ஆனால் அந்த ஊருக்குப் போகும் ரயில் காசையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

4. போகும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கொழும்பில் இறங்கி, சென்னையில் தி. நகரில் சேலை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து திரும்பும் சீட்டு பல நேரம் வெறும் கொழும்புச் சீட்டின் விலைக்கே வரும். 'பல நகரம்' என்ற தெரிவில் போட்டுப் பாருங்கள். நடுவில் கொழும்பு–சென்னைக்கு மட்டும் ஒரு சின்னச் சீட்டு, கையில் இந்திய விசா, இரண்டும் வேண்டும்.

5. விலை எச்சரிக்கை வைத்துவிட்டு ஒதுங்குங்கள். நீண்ட பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பிருந்து பார்த்து வந்தால் எது சாதாரண விலை என்பது பிடிபடும். அதற்குக் கீழே இறங்கியதும் வாங்குங்கள். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்பதெல்லாம் பழங்கதை.

6. வாங்குமுன் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதே விலையைத் தேடுங்கள். பத்து, இருபது டொலர்தான் வித்தியாசம் என்றால் அங்கேயே வாங்குங்கள். நாள் மாற்ற வேண்டி வந்தாலும் விமானம் ரத்தானாலும், இடையில் இருக்கும் முகம் தெரியாத விற்பனைத் தளம் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் போடும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

7. ஸ்கார்பரோவிலோ ஹரோவிலோ உள்ள தமிழ் டிராவல்ஸ்காரரையும் ஒருமுறை கேளுங்கள். மொத்தமாக எடுத்து வைத்திருக்கும் சீட்டுகள் அவர்களிடம் இருக்கலாம். குடும்பமாக வரும்போது, பாட்டிக்குச் சக்கர நாற்காலி, பிள்ளைக்குத் தனிச் சாப்பாடு என்று சொல்லி வைக்க ஒரு மனிதர் இருப்பதும் நல்லதுதான். காசைக் கொடுத்ததும் பி.என்.ஆர். எனும் பதிவு எண்ணை வாங்கி விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே சரிபாருங்கள். எண் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

எங்கே விமானம் மாறுவது

லண்டனிலிருந்து ஸ்ரீலங்கன் நேராகப் பறக்கிறது, ஏறக்குறைய 11 மணி நேரம். நேர் விமானத்துக்கு விலை கூடுதலாக இருப்பது வழக்கம். வயதானவர்களோடு வந்தால் அந்த வித்தியாசத்தைக் கொடுத்துவிடுங்கள் என்பேன். கனடாவிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம் இல்லை. எங்காவது மாறித்தான் ஆக வேண்டும்.

*வளைகுடா வழி.* டுபாய், டோகா, அபுதாபி. தெரிவுகள் அதிகம், நேரங்களும் பலவிதம். பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது இதுதான். இடைநேரம் குறைந்தது 2 மணி. வயதானவர்கள் இருந்தால் 3 மணி. ஒன்றேகால் மணி நேரத்தில் மாறலாம் என்று தளம் காட்டினால் நம்பாதீர்கள். தளத்துக்கு முழங்கால் வலி கிடையாது.

வளைகுடா வழிக்கு ஒரு குறையும் உண்டு. 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வழியை மூடியபோது டோகாவுக்குப் போய்க்கொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. அப்படிப்பட்ட நாளில், கட்டுநாயக்க வரை ஒரே சீட்டாக வாங்கியவரை வேறு விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. இரண்டு சீட்டாக வாங்கியவருக்கு அந்தப் பொறுப்பு அவரே.

*இந்திய வழி.* டெல்லி, மும்பை, சென்னை. ஒரே சீட்டாக வந்தால் நல்ல வழி. தனித்தனியாக வாங்கினால் ஆபத்தான வழி. இதை அடுத்த பகுதியில் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

*தென்கிழக்கு வழி.* அவுஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு. கோலாலம்பூரிலிருந்து குறைந்த விலை விமானங்கள் உண்டு. பாங்கொக் வழியாக வருகிறவர்கள் அங்கே இரண்டு விமான நிலையங்கள் இருப்பதை மறக்க வேண்டாம்: சுவர்ணபூமி, டொன் முவாங். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறச் சொல்லும் 'மலிவு' சீட்டு நிறைய உலாவுகிறது. இஸ்தான்புல்லிலும் இதே கதை.

ஒரே சீட்டா, இரண்டு சீட்டா

டொரன்டோ–சென்னைக்கு ஒரு சீட்டு, சென்னை–கொழும்புக்குக் குறைந்த விலை நிறுவனத்தில் இன்னொன்று. கூட்டிப் பார்த்தால் இருநூறு டொலர் குறையும். ஆசை வரும். என் அத்தை மகன் ஒருவருக்கு அந்த ஆசை வந்தது. டொரன்டோவில் பெட்டியைத் தராசில் வைத்தார். கவுன்டரில் இருந்த பெண் கனேடியக் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, இந்திய விசா எங்கே என்று கேட்டார். "நான் இந்தியாவுக்குப் போகவில்லையே, அட்டனுக்கல்லவா போகிறேன்" என்றார் இவர். சீட்டில் எழுதியிருந்தது சென்னை. விமானம் அவரை விட்டுவிட்டுப் போனது. இரண்டு சீட்டின் காசும் போனது.

கவுன்டரில் இருந்தவர் செய்தது சரி. தனித்தனிச் சீட்டில் வந்தால் சென்னையில் குடிவரவைக் கடந்து வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி புறப்பாட்டுப் பக்கம் போய்ப் பதிய வேண்டும். வெளியே வர விசா வேண்டும். டுபாயிலும் இதே கதைதான்: ஒரு முனையத்தில் இறங்கி இன்னொரு முனையத்தில் தனிச்சீட்டில் ஏறினால், நாட்டுக்குள் நுழைந்து வெளியேற வேண்டி வரும். இலங்கைக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

இரண்டு சீட்டுத்தான் எடுப்பேன் என்பவர்கள் இந்த ஒழுங்கில் போங்கள்:

- முதலில் விசா. அது கைக்கு வந்த பிறகு சீட்டு.
- நடுவில் குறைந்தது 8 மணி நேரம். ஓர் இரவு தங்கினால் இன்னும் நல்லது.
- இரண்டாவது சீட்டுக்குப் பெட்டி நிறையை ஒன்லைனிலேயே வாங்குங்கள். கவுன்டரில் வாங்கினால் விலை கூடும்.
- முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால் புதுச் சீட்டு வாங்கும் அளவுக்குக் கையில் பணம். அந்தப் பணம் இல்லையென்றால் இந்த வழி உங்களுக்கு வேண்டாம்.

லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் புறப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஒரே சீட்டில் வந்து, நிறுவனத்தின் தவறால் இணைப்பு விமானம் தப்பி, கொழும்புக்கு 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தால் நட்டஈடு கேட்கும் உரிமை சட்டத்தில் உண்டு. ஏறும் அட்டையைக் கிழித்துப் போடாதீர்கள்.

பெயர் என்ற பெரிய பொறி

தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, கடவுச்சீட்டில் மூன்றாவது எழுத்து. நம்மில் பாதிப் பேரின் நிலை இது. தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று வெள்ளைக்காரன் வடிவமைத்த கட்டத்துக்குள் நாம் மாறி மாறி எழுதியிருப்போம். சீட்டு வாங்கும்போது இவை எதையும் திருத்த முயலாதீர்கள். கடவுச்சீட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். குடும்பப் பெயர் இல்லாத இந்தியக் கடவுச்சீட்டு என்றால் அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்பதை அந்தந்த நிறுவனத்தில் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறை வைத்திருக்கிறார்கள். தவறைச் சீட்டு வாங்கிய அன்றே கண்டுபிடித்தால் திருத்துவது எளிது. விமான நிலையத்தில் கண்டுபிடித்தால் புதுச் சீட்டுத்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான இலங்கை–இந்திய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் மலையை விட்டு இறங்கி இந்தியா போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களின் பெரியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறிப் போனார்கள். அந்தக் கப்பல் 1980களில் நின்றது. இன்று சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள். திருச்சியிலிருந்து இன்னும் குறைவு.

உங்களுக்கு இணைப்பு விமானம் தேவையே இல்லை. கோயம்புத்தூரிலிருந்து உள்நாட்டு விமானம் ஏறி, வேறு ஊரில் மாறி, கொழும்பு வருவதைவிடக் கூடலூரிலிருந்து இரவுப் பஸ்ஸில் திருச்சிக்கோ சென்னைக்கோ வந்து நேராக ஏறுவது பல நேரம் மலிவு. இரண்டு ஊர் விலையையும் பஸ் காசோடு கூட்டிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு விமானம் மலிவாகத் தெரியும். பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து விமானம் வருகிறது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் நின்றுவிடும். யாழ்ப்பாணம் பார்க்க ஆசை இருந்தால் தாராளமாக அந்த வழியில் வாருங்கள். மலைநாட்டுக்கு மட்டும் வருகிறவருக்கு அது சுற்று வழி. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, தம்புள்ளை, கண்டி தாண்டி அட்டன் வர ஒரு முழு நாள் போகும்.

நுழைவு அனுமதி

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் இலங்கையின் இலத்திரனியல் பயண அனுமதியைப் புறப்படுமுன்பே எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டினால் இது தேவையில்லை.

அரசாங்கத் தளத்தின் முகவரி 'ஈ.டி.ஏ. டொட் ஜி.ஓ.வி. டொட் எல்.கே.' என்று முடியும். அதேபோல் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். இரண்டு மடங்கு பணம் கேட்கும். முகவரியில் அந்த நடு எழுத்துகள் மூன்றும் இல்லையென்றால் மூடிவிடுங்கள். கட்டணமும் விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. 2024 ஏப்ரலில் விசா வேலை தனியார் கூட்டு ஒன்றிடம் போனது, ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது, பழைய முறை திரும்பி வந்தது. மாமா போன வருடம் சொன்னதை வைத்துக்கொண்டு வராதீர்கள்.

பெட்டி

பெரும்பாலான நிறுவனங்களில் ஒரு பெட்டி 23 கிலோ. எந்த ஒரு பெட்டியும் 32 கிலோவைத் தாண்டினால் ஏற்ற மாட்டார்கள், காசு கொடுத்தாலும். கயிறு கட்டிய அட்டைப் பெட்டி நமது பாரம்பரியம், குறை சொல்லவில்லை. நாலு பக்கமும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுங்கள்.

விலையை ஒப்பிடும்போது பெட்டி சேர்த்த விலையா, சேர்க்காத விலையா என்று பாருங்கள். திரையில் முதலாவதாக நிற்கும் மலிவுச் சீட்டு பல நேரம் கைப்பையோடு மட்டும் வருகிறவருக்கானது. சொந்தக்காரர் வீட்டுக்குக் கைப்பையோடு யார் போகிறார்கள்?

ஒரு கம்பளிச் சட்டை கைப்பையில் இருக்கட்டும். வெப்பத்தீவுக்கு வருகிறோம் என்று அரைக்கால் சட்டையோடு வந்து நானுஓயாவில் நடுங்கி நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி விடிகாலையில் புல்லின்மேல் துகள் உறைபனி பூத்துக் கிடக்கும்.

வயதானவர்கள் தனியாக வந்தால்

சீட்டு வாங்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். பணம் கிடையாது. நடக்க முடிந்தவராக இருந்தாலும் கேளுங்கள். டோகா போன்ற நிலையத்தில் மொழி தெரியாமல் வாயில் தேடி அலைவதைவிட, ஒருவர் தள்ளிக்கொண்டு போய் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது மேல். போகும் ஊர், மாறும் ஊர், கட்டுநாயக்கவில் வந்து நிற்பவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதிக் கழுத்துப் பையில் போட்டுவிடுங்கள். மருந்து கைப்பையில்.

கட்டுநாயக்கவிலிருந்து மலைக்கு

*பஸ்.* ஆக மலிவு இதுதான். விமான நிலையத்திலிருந்து கொழும்புக் கோட்டைக்கு 187 இலக்க பஸ். நெடுஞ்சாலை வழியாகப் போவதில் ஏறுங்கள். புறக்கோட்டையில் அட்டன், நுவரெலியா பஸ்கள் நிற்கும். இரண்டு பெரிய பெட்டிக்கு மேல் இருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

*கோச்சி.* ரயிலை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கோட்டையிலிருந்து காலையில் புறப்படும் பதுளைக் கோச்சியில் அட்டனுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். கொட்டகலைக்கு முன் வரும் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழையும்போது பிள்ளைகள் கூச்சல் போடுவதைக் கேட்கவே ஒருமுறை அதில் போகலாம். நுவரெலியாவுக்கு ரயில் இல்லை. நானுஓயாவில் இறங்கி 8 கிலோமீற்றர் பஸ்ஸில் போக வேண்டும். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலை ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. ஆகவே ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்பதை, புறப்படும் வாரத்தில் அட்டனில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரை நிலையத்துக்கே அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசனப் பதிவுச் சீட்டுக்குக் கறுப்புச் சந்தையும் உண்டு. வட்ஸ்அப்பில் வரும் சீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

*வான்.* நாலு பேருக்கு மேல் என்றால் இதுவே சரி. ஊரிலிருந்து தெரிந்த சாரதியை வரச் சொல்லுங்கள். இதில் ஒரு நிபந்தனை: விடிகாலை விமானம் என்றால் சாரதி முந்தின மாலையே இறங்கி வந்து, கட்டுநாயக்கப் பக்கம் படுத்துத் தூங்கியிருக்க வேண்டும். இரவெல்லாம் மலையிறங்கி வந்தவரை உடனே மலையேறச் சொல்லாதீர்கள். அவர் தூங்கிய இடத்துக்கான காசை நீங்கள் கொடுங்கள். இணைப்பு விமானத்தில் மிச்சம் பிடித்ததில் அது ஒரு துளி.

திரும்பும் நாள்

வரும்போது பார்த்துப் பார்த்துச் சீட்டு எடுத்தவர்கள் திரும்பும்போது கோட்டை விடுகிறார்கள். இரவு 8 மணிக்கு விமானம், காலையில் கோயில் பூசை, மதியம் விருந்து, அதன்பிறகு புறப்பாடு என்று திட்டம் போடுவார்கள். கினிகத்தேனைக்குக் கீழே மண் சரிந்து பாதை மூடியிருக்கும். கண்டி வழியாகச் சுற்றி வர மேலும் சில மணி நேரம் பிடிக்கும். அதற்குள் கவுன்டர் மூடிவிடும்.

மழைக்காலத்தில் முந்தின நாளே மலையிறங்கி நீர்கொழும்பில் தங்குங்கள். மற்ற மாதங்களில் விமான நேரத்துக்கு 10 மணி நேரம் முன்பு அட்டனை விட்டுக் கிளம்புங்கள். விருந்தை அதற்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நேரில் கேட்டால் மறுப்பார்கள், ஊருக்கு வருமுன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.